பட்டறை இல்லாத எந்திரம்

1

மாயாஜால உலகத்துக்குள் எந்திரம் நுழைந்தால் அந்த உலகம் கெட்டுப்போகும் என்பது ஒரு கட்சி. நுழையட்டுமே, சுவை கூடத்தானே செய்கிறது என்பது எதிர்க்கட்சி. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வேடமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளை ஒட்டி அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது. வழக்கு தீராததற்குக் காரணம், இரு கட்சியாரும் ஒரே பிழையைச் செய்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்திரம் அந்த உலகங்களுக்குள் ஏறக்குறைய முதல் நாளிலிருந்தே இருந்துவருகிறது. அங்கே இல்லாதவன் அதைச் செய்கிறவன்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 1974இல், விஸ்கான்ஸின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கி வெளிவந்தன. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும். ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி. ஒருவர் மட்டும் பாத்திரம் எதையும் ஏற்காமல் ஆட்டத்தை நடத்துகிறார். அவர் உலகத்தைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் அதில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். ஐயத்துக்கு இடமானதைப் பகடை தீர்க்கிறது. இருபது முகப் பகடை அதில் பிரசித்தம். இதன் வழியாக எத்தனையோ உலகங்கள் உருவாகி, விதிநூல்களாகவும் நிலநூல்களாகவும் அச்சாகியிருக்கின்றன.

இவற்றை இலக்கிய விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் போதும். தன் உலகத்தில் எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்பதை நாவலாசிரியன் மழுப்பிவிட முடியும். விதிநூல் மழுப்ப முடியாது. யாரால் எதைக் கற்க முடியும், எத்தனை காசுக்கு எது கிடைக்கும், எந்த ஆயுதம் எந்தக் கவசத்தைத் துளைக்கும் என்பதையெல்லாம் அது எண்ணில் எழுதியாக வேண்டும். ஒரு கற்பனையின் உள்ளோட்டமான நம்பிக்கைகள் வேறெங்கும் இவ்வளவு நிர்வாணமாக நிற்பதில்லை.

மந்திரம் சாராத உயர் தொழில்நுட்பம் என்று நான் இங்கே சொல்வது, ஜபத்தாலோ தெய்வ அருளாலோ இயங்காமல் பொருளின் நியதியால் இயங்கும் சாதனங்களை. விண்கலம், கதிர்த் துப்பாக்கி, தானியங்கி மனிதன் ஆகியவை ஒரு கோடி. வெடிமருந்து, கடிகாரம், காற்றாலை மறுகோடி. வழக்கு இந்த இடத்துக்கு வரும்போது ஆர்தர் கிளார்க்கைச் சாட்சிக்குக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. போதிய அளவு முன்னேறிய தொழில்நுட்பத்தை மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்று அவர் 1973இல் தம் நூல் ஒன்றின் திருத்திய பதிப்பில் எழுதினார். ‘ஆகவே இரண்டும் ஒன்றுதான், விடுங்கள்’ என்று முடித்துக்கொள்ள இந்த வாக்கியம் வசதியாக இருக்கிறது. ஆனால் யாரால் பிரித்தறிய முடியாது? பார்க்கிறவனால், பயன்படுத்துகிறவனால். செய்கிறவனுக்கு அந்தக் குழப்பம் ஒருநாளும் வருவதில்லை. கிளார்க்கின் வாக்கியத்தில் செய்கிறவன் இல்லை என்பதை இந்த வழக்கில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நம் மொழியில் இந்தச் சிக்கல் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது. செப்புத் தகட்டில் கட்டம் கீறி, எழுத்துப் பொறித்து, பூஜையில் வைப்பதும் யந்திரம்தான், மாவரைப்பதும் யந்திரம்தான். தகடு பலிப்பதற்கு அதை எழுதியவனின் தீட்சை வேண்டும். மாவரைக்கும் யந்திரத்துக்கு யார் கை என்பது பொருட்டில்லை. மந்திரத்துக்கும் எந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆற்றலின் அளவில் இல்லை. அது யாருக்குப் பணியும் என்பதில் இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் இந்த விளையாட்டுகளைக் கலவரப்படுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

விண்கலம் இந்த உலகத்துக்குள் பின்னால் வந்து புகுந்த அந்நியன் என்ற எண்ணம் சரித்திரத்துக்குப் பொருந்தாது. 1975இல் வந்த ‘பிளாக்மூர்’ என்ற இணைப்பு நூலில் ஆர்னெஸனின் ‘தவளைக் கோயில்’ அச்சாயிற்று. இவ்வகை விளையாட்டுக்கென்று அச்சான முதல் சாகசக் கதை அதுவே. அந்தக் கோயிலின் தலைமைப் பூசாரி வேற்றுலகத்திலிருந்து வந்தவன். அவனுடைய பூசாரித்தனம் வேஷம். அவனுடைய பலம் அவன் கொண்டுவந்த சாதனங்கள். அதாவது, அச்சேறிய முதல் கதையிலேயே கர்ப்பக்கிரகத்துக்குள் எந்திரம் உட்கார்ந்திருக்கிறது. இது வியப்புக்குரியதல்ல. 1979இல் கைகாக்ஸ் தம்மைப் பாதித்த எழுத்தாளர்களின் பட்டியலொன்றை ஆட்டம் நடத்துபவருக்கான நூலின் பின்னிணைப்பாகத் தந்தார். செவ்வாய்க் கிரகத்தில் வாளும் ரேடியத் துப்பாக்கியும் சேர்ந்தே புழங்கும் கதைகளை 1912 முதல் எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ் அதில் இருக்கிறார். சாகும் சூரியனின் கீழே, வெகுதூர எதிர்காலத்தில் மந்திரவாதிகளை உலவவிட்ட ஜாக் வான்ஸும் இருக்கிறார். மலிவுத்தாள் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதைக்கும் மாயக் கதைக்கும் இடையில் யாரும் வேலி போட்டிருக்கவில்லை. வேலி பிற்பாடு வந்தது. தூய்மை பேசுகிற கட்சி தன் பாட்டன் யாரென்று அறியாத கட்சி.

இந்தப் பரம்பரையில் மிகவும் பேசப்பட்ட பிரதி, கைகாக்ஸ் 1980இல் வெளியிட்ட ‘எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்’. 1976இல் ஒரு விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக முதலில் எழுதப்பட்டது. மலைப்பகுதியிலிருந்து விநோத மிருகங்கள் இறங்கி வந்து ஊர்களைச் சூறையாடுகின்றன. வீரர்கள் மலைக்குள் ஒரு குகை என்று நினைத்து நுழைகிறார்கள். அது புதைந்துபோன விண்கலம். கலத்தை ஓட்டியவர்கள் நோயில் மாண்டுவிட்டார்கள். தானியங்கிகள் மட்டும் தங்கள் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பிரதியின் உண்மையான சாதனை ஒரு நிபந்தனையில் இருக்கிறது. ஆட்டம் நடத்துபவர் எந்தப் பொருளின் பெயரையும் சொல்லிவிடக் கூடாது. அதன் உருவத்தை மட்டும் சொல்ல வேண்டும். இதற்கென்றே தனியாக ஒரு படப் புத்தகம் கூடவே வருகிறது. படத்தைக் காட்டலாம், பெயர் கூறலாகாது. கைப்பிடி இல்லாத கதவு ஒன்று. உள்ளங்கை அகலத்தில் மெல்லிய, வழுவழுப்பான, நிறமிட்ட சில்லு ஒன்று. கல்லும் அல்ல, மரமும் அல்ல, எலும்பும் அல்ல. அந்தச் சில்லுதான் கதவைத் திறக்கும் அட்டை என்பது ஆடுகிறவனுக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஆனால் அவன் ஏற்றிருக்கும் பாத்திரத்துக்குப் புரியாது. புரிந்ததைப் புரியாததாக வைத்துக்கொண்டு அவன் ஆட வேண்டும்.

ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் பேசிய பழக்கநீக்கம் இதுதான். பெயரைச் சொல்லாமல் பொருளை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் விவரிப்பது டால்ஸ்டாயின் முறை என்று அவர் காட்டினார். ஒரு குதிரையின் வாயால் மனிதர்களின் சொத்துரிமையைப் பேசவைத்த கதையை உதாரணமாகச் சொன்னார். பெயர் விழுந்ததும் பார்வை நின்றுவிடுகிறது. நம் புதுக்கவிதையிலும் எந்திரத்தின் பெயரை ஒரு வரியில் போட்டுவிட்டால் நவீனம் வந்துவிட்டதாக நினைத்த ஒரு காலம் உண்டு. ரயில் என்ற சொல் அந்தக் கவிதைகளில் இருந்தது. ரயில் அநேகமாக எதிலும் இல்லை. ஒரு வியாபார விளையாட்டு நூல், தன்னையறியாமல், அதற்கு எதிரான பயிற்சியை மேஜையில் வைத்திருக்கிறது. அந்த அளவில் இதைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஆனந்தத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஆடுகிறவன் ஒரே சமயத்தில் இரண்டு ஆசனங்களில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய பாத்திரம் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து உற்றுப்பார்க்கும் ‘காட்டுமிராண்டி’. அவனோ அதைப் பார்த்துச் சிரிக்கும் நாகரிகன். கண்ணாடியும் கடிகாரமும் காட்டித் தீவுவாசிகளை வியக்கவைத்த கப்பல்காரர்களின் குறிப்புகளில் நாம் படித்த காட்சி இது. பழக்கநீக்கம் டால்ஸ்டாயிடம் வாசகனை அசௌகரியப்படுத்துகிறது. சொத்து என்றால் என்ன என்று கேட்கவைக்கிறது. இங்கே அது வாசகனுக்கு முகஸ்துதி செய்கிறது. அட்டை என்றால் என்ன என்று அவன் கேட்பதில்லை. கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு அடுத்த கதவுக்குப் போகிறான்.

3

கண்டெடுத்த பொருளை இயக்கக் கற்பது எப்படி? பேரியர் பீக்ஸ் இதற்கு வழிப்படங்கள் தருகிறது. கட்டங்களும் கோடுகளும் கொண்ட ஒரு வரைபடம். பகடையை உருட்ட உருட்ட ஆடுகிறவன் கட்டத்துக்குக் கட்டம் நகர்கிறான். ஒரு பாதை பொருளை இயக்கத் தெரிந்துகொள்வதில் முடியும். இன்னொரு பாதை தன்னையோ பக்கத்திலிருப்பவனையோ காயப்படுத்திக்கொள்வதில் முடியும். நம் பரமபதத்தை ஒத்த ஏற்பாடு. அதே கம்பெனி 1978இல் வெளியிட்ட ‘காமா வேர்ல்ட்’ என்ற விளையாட்டிலும் இவ்வகை வரைபடங்கள் உண்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வரைபடம் போய், அறிவுக்கான பகடைச் சோதனையில் இத்தனை தடவை தேறினால் பொருள் விளங்கும், இத்தனை தடவை தவறினால் உடையும் என்ற விதி வந்தது. அடிப்படை மாறவில்லை.

இதே விதிநூல்களில் மந்திரவாதி எப்படிக் கற்கிறான் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவனுக்கு ஏடு உண்டு. மந்திரத்தை ஏட்டில் பிரதியெடுக்கலாம். அதற்கு மைச்செலவும் நாட்கணக்கும் விதிக்கப்பட்டிருக்கின்றன. சுருளில் எழுதி வைக்கலாம், விற்கலாம், திருடலாம். குரு உண்டு, சிஷ்யன் உண்டு, கூடம் உண்டு. ஓர் அறிவு ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போகும் பாதைகள் அத்தனையும் அங்கே கணக்கில் வருகின்றன. எந்திரத்துக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. கதிர்த் துப்பாக்கியைப் புரிந்துகொண்ட ஒருவன் அதைக் கழற்றிப் பார்த்து, ஏட்டில் வரைந்து, ஊருக்குத் திரும்பிக் கொல்லனிடம் காட்டுவதற்கு விதி இல்லை. சக்தி தீர்ந்ததும் அது வெறும் உலோகம். அறிவு இங்கே அதிர்ஷ்டமாக வந்து செலவாகப் போகிறது.

கொல்லன் என்று சொன்னேன். கொல்லன் இந்த உலகங்களில் இருக்கத்தான் செய்கிறான், விலைப்பட்டியலாக. நீண்ட வாள் ஒன்றின் விலை 1978 விதிநூலில் 15 பொற்காசு. 2014 விதிநூலிலும் 15 பொற்காசு. நடுவில் எத்தனையோ போர்கள், பேரரசுகள், தெய்வங்களின் மரணங்கள் அந்த உலகங்களில் நடந்துவிட்டன. வாளைச் செய்கிறவனுக்குக் கூலி உயரவில்லை. வாள் செய்யும் முறையும் மாறவில்லை. அவன் சரித்திரத்துக்கு வெளியே நிற்கிறான்.

4

மத்தியகாலச் சாயல் கெடக் கூடாது என்பதற்காக எந்திரங்களை ஒதுக்குகிறோம் என்பார்கள். எந்த மத்தியகாலம்? 1086இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தண்ணீர் ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. அல்-ஜஸரி 1206இல் முடித்த நூல் நீர்க்கடிகாரங்களையும் நீரிறைக்கும் சாதனங்களையும், அவற்றைச் செய்யும் முறையோடும் படங்களோடும் விவரிக்கிறது. இன்றைய கைவினைஞர்கள் அதை வைத்துச் செய்துபார்த்திருக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் வானியல் கடிகாரம் அமைக்க முனைந்த மடாதிபதி, வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு, ஒரு கொல்லனின் மகன். ஐரோப்பாவில் பீரங்கியின் முதல் சித்திரம் 1326ஆம் ஆண்டுச் சுவடியில் காணக் கிடைக்கிறது. உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசம் அதற்கும் பின்னால், பதினைந்தாம் நூற்றாண்டில்தான் முழுமை பெற்றது. ஆகவே தகட்டுக் கவசத்தை வைத்துக்கொண்டு வெடிமருந்தை மட்டும் ‘காலத்துக்குப் பொருந்தாது’ என்று விலக்கியவர்கள் காப்பாற்றுவது மத்தியகாலத்தை அல்ல. வீரனை.

வெடிமருந்து ஏன் பயமுறுத்துகிறது என்பது விதிநூலைப் படித்தால் விளங்கும். இந்த விளையாட்டுகளின் முதுகெலும்பு படிநிலை. பாத்திரம் சாகசங்கள் செய்து படிப்படியாக உயர்கிறது. பத்தாம் படியில் நிற்பவனை முதல் படியில் நிற்பவன் தொடக்கூட முடியாது. மந்திரம் இந்த ஏற்பாட்டுக்கு இசைவானது. உயர்ந்த மந்திரம் உயர்ந்தவனுக்கே வாய்க்கும். துப்பாக்கி இதைக் கேட்பதில்லை. விடலைப் பையன் சுட்டாலும் குண்டு அதே வேகத்தில்தான் போகும். சரித்திரத்தில் துப்பாக்கி பிரபுவுக்குச் செய்த அவமரியாதையை இந்த உலகங்கள் தாங்கமாட்டா. அதனால் காவல் போடுகிறார்கள்.

காவல் பலவிதம். ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற புகழ்பெற்ற உலகத்தில் வெடிமருந்து வேலை செய்வதே இல்லை. அதற்குப் பதிலாகப் ‘புகைத்தூள்’ என்று ஒன்று உண்டு. அது மாயப்பொருள், கைவினைத் தெய்வமான காண்ட் என்பவனின் கொடை. அதே சத்தம், அதே புகை, அதே குண்டு. கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்தால் நடக்கும் காரியத்தை மட்டும் தெய்வத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று பொருள்களை இன்ன விகிதத்தில் கலந்தால் யார் கலந்தாலும் வெடிக்கும் என்ற விஷயம் அவ்வளவு ஆபத்தானதாகப்படுகிறது.

இரண்டாவது காவல் பரிகாசம். 1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ உலகத்தில், ‘நெவர்மைண்ட்’ மலையில், குள்ளர் இனம் ஒன்று ஓயாமல் எந்திரங்களைச் செய்துகொண்டிருக்கிறது. ஆட்களை மேல்தளத்துக்கு அனுப்புவதற்குப் படிக்கட்டுக்குப் பதிலாகக் கவண்பொறி. எல்லாம் தவறாகவே முடியும். அவர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள். ஒவ்வொருவர் பெயரும் பக்கக்கணக்கில் நீளும். வாசகன் சிரிப்பான். இந்த உலகங்களில் கூட்டமாக உட்கார்ந்து, செய்து, தவறி, திருத்தி, மறுபடி செய்கிறவர்கள் அநேகமாக இவர்கள் மட்டும்தான் என்பது சிரிப்பில் மறைந்துவிடுகிறது. சோதனை செய்தலும் தவறுதலும் பட்டறையின் இயல்பு. அதைக் கோமாளித்தனமாக்கிவிட்டால் பட்டறையே கோமாளிக்கூடாரம்.

மூன்றாவது காவல் தண்டனை. ஆர்னெஸனின் பிளாக்மூர் நாடு பிற்பாடு ‘மிஸ்டாரா’ என்ற பெரிய உலகத்துக்குப் பழங்காலமாகச் சேர்க்கப்பட்டது. விழுந்த விண்கலத்தின் பெயர் ‘பீகிள்’. டார்வின் போன கப்பலின் பெயர். பிளாக்மூர் மக்கள் கலத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள். கண்டெடுத்ததோடு நிற்காமல் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். முடிவு? பெருவெடிப்பு, நெருப்பு மழை, கிரகத்தின் அச்சே இடம்பெயர்கிறது. கற்றுக்கொண்ட சமூகம் இல்லாமலாகி, அதன் மிச்சம் மறுபடி புதையலாகிறது. அணுகுண்டுக்குப் பிந்திய அமெரிக்க மனத்தின் அச்சம் இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த அச்சம் நியாயமானதும்கூட. ஆனால் கற்றல் என்றாலே அழிவு, கண்டெடுத்தல் என்றால் சாகசம் என்று பிரித்து வைக்கும்போது அச்சம் ஓர் ஒழுங்குமுறையாக மாறிவிடுகிறது.

5

இந்த மரபின் மிகச் செறிந்த படைப்பு டெக்குமெல். மின்னஸோட்டாப் பல்கலைக்கழகத்தில் தென்னாசிய மொழிகளின் பேராசிரியராக இருந்த எம்.ஏ.ஆர். பார்க்கர் இளம்வயதிலிருந்து வளர்த்துவந்த கற்பனை உலகம். 1975இல் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்ற பெயரில் அச்சாயிற்று. உருதுக்கும் பலூச்சிக்கும் பாடநூல் எழுதியவர் என்பதால் அவர் உண்டாக்கிய மொழிகளுக்கு இலக்கணம் இருந்தது. ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களை விட்டு, தென்னாசியா, எகிப்து, பழைய மெக்ஸிகோ ஆகியவற்றின் சாயலில் அவர் ஒரு நாகரிகத்தைக் கட்டினார். குலமும் கோயிலும் கௌரவமும் அங்கே வெறும் அலங்காரங்கள் அல்ல.

டெக்குமெலின் அடிப்படை விஞ்ஞானக் கதை. வெகுதூர எதிர்காலத்தில் மனிதர்கள் அந்தக் கிரகத்தைப் பிடித்து, தங்களுக்கு ஏற்ற காற்றும் தாவரமும் உண்டாக்கிக் குடியேறுகிறார்கள். பிறகு ஒரு பேரிடரில் அந்த உலகம் விண்மீன்களிலிருந்தே துண்டிக்கப்படுகிறது. வானம் இருண்டுவிடுகிறது. உலோகம் அரிது, கவசத்தையே ஒரு மிருகத்தின் பதப்படுத்திய தோலில் செய்கிறார்கள். மண்ணுக்கடியில் பழைய சுரங்கப் பாதை வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ‘கண்கள்’ எனப்படும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இத்தனை தடவைதான் என்ற கணக்குண்டு. யாரும் அவற்றைச் செய்வதில்லை. தங்கள் முன்னோர் செய்ததைத் தெய்வ வஸ்துவாகக் கையில் வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் துயரம் இதில் அசலாக விழுந்திருக்கிறது.

அந்தக் கிரகத்துக்குச் சொந்தக்காரர்கள் என்று இரண்டு இனங்கள் உண்டு: ஸ்ஸூ, ஹ்லூஸ். குடியேறியவர்களின் எந்திரங்கள் அவர்களுடைய காற்றையும் காட்டையும் அழித்து, அவர்களைச் சிறு எல்லைகளுக்குள் ஒதுக்கின. பேரிடருக்குப் பின் அவர்கள் வெளியே வந்து போரிட்டார்கள். விதிநூலில் அவர்கள் மனிதரின் பரம விரோதிகள். அந்த உலகத்தில் இழந்ததை நினைத்து ஏங்குகிற உரிமை குடியேறியவனுக்கு இருக்கிறது. இழந்தவனுக்கு இருப்பது பகை மட்டும்.

பார்க்கர் 2012இல் இறந்தார். அவருடைய படைப்புகளைப் பாதுகாக்கும் டெக்குமெல் அறக்கட்டளை 2022இல் ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது: 1991இல் வெளியான ஒரு நவநாஜி நாவலைப் புனைபெயரில் எழுதியவர் பார்க்கரே. தெரிந்தபின் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். படைப்பு வேறு, படைத்தவன் வேறு என்றனர் சிலர். அனைத்தையும் தூக்கியெறி என்றனர் சிலர். இரண்டுமே பிரதியைப் படிக்காமல் தப்பிக்கும் வழிகள். டெக்குமெல் ஒரு நாஜிப் பிரதி என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். ஆனால் ஒரு கிரகத்தை அதன் மக்களிடமிருந்து பறித்துத் துடைத்த எந்திரம் அந்தப் புத்தகத்தில் 1975இலிருந்தே இருந்தது. நாற்பத்தேழு ஆண்டுகளாக அதைக் ‘கதைப் பின்னணி’ என்று கடந்துபோனோம். செய்தவன் யார், யார் தலையில் செய்தான் என்று எந்திரத்தைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் இருந்திருந்தால், அறக்கட்டளையின் அறிக்கைக்காக நாம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. இந்த விஷயம் வெறும் ரசனைப் பிரச்னையல்ல என்று நான் கருதுவது இதனால்தான்.

6

விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் பார்ப்பது நியாயம்.

2004இல் கீத் பேக்கர் அமைத்த ‘எபெரான்’ உலகத்தில் ரயில் ஓடுகிறது, தெருவிளக்கு எரிகிறது, தொழிற்கூடம் இருக்கிறது. ஆனால் அத்தனையும் மந்திரத்தால் இயங்குபவை. அதைக் காட்டிலும் முக்கியம், அந்தத் தொழில்கள் சில குடும்பங்களின் ரத்தத்தில் வரும் அடையாளக்குறிகளுக்குச் சொந்தம். வண்டி ஓட்டும் குடும்பம், வைத்தியக் குடும்பம், கருவி செய்யும் குடும்பம். குலத்தொழில் என்றால் என்ன என்று அறிந்த நமக்கு விளக்கவுரை வேண்டாம். தொழிற்புரட்சியைக் கொண்டுவந்தபோதும் அதைப் பிறப்பின் பூட்டுக்குள் வைத்தே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் பேக்கர் இந்த ஏகபோகத்தை மறைக்கவில்லை. கதையின் மோதலாகவே வைத்திருக்கிறார். அது அவருக்குப் பெருமை.

‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டின் உலகமான கொலாரியனில் இரண்டு நாடுகள் எதிரெதிராக இருக்கின்றன. நூமீரியாவில் விண்கலம் விழுந்தது. மந்திரவாதிகளின் குழு ஒன்று அதன் சாதனங்களைத் தன் வசமாக்கிக்கொண்டு, நாட்டின் அரசனைக் கலத்திலிருந்து கசியும் திரவங்களின் போதையில் கிடத்தி ஆள்கிறது. இது நன்றாகச் சிந்தித்த உருவகம். ஆல்கென்ஸ்டார் வேறு மாதிரி. மந்திரவாதிகள் இருவரின் நெடும்போரில் மந்திரமே செத்துப்போன பாழ்நிலம். அங்கே குடியேறியவர்கள் வேறு வழியின்றித் துப்பாக்கிப் பட்டறை வைத்தார்கள். வார்ப்படம், தொழிலாளி, ஏற்றுமதி எல்லாம் அங்கே உண்டு. 2011இல் வந்த விதிகளின்படி அந்தத் துப்பாக்கிக் குண்டு கிட்டத்திலிருந்து வந்தால் கவசம் கணக்கில் சேராது. கூடவே, அது கோளாறாகும் வாய்ப்பும் எண்ணில் எழுதியிருக்கிறது. மந்திரம் மரித்த இடத்தில்தான் பட்டறை முளைக்க முடியும் என்று அந்தப் புத்தகம் சொல்லாமல் சொல்லிவிட்டது. இவ்வளவு காலம் மற்ற புத்தகங்கள் மறைத்துவந்தது அதுதானே.

எந்திரமும் அற்புதமும் ஒரே கதையில் இருந்தால் செய்கிறவன் மறைந்தே தீர வேண்டும் என்பது இலக்கியத்தின் நியதி அல்ல. சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் மயிற்பொறி வருகிறது. அந்தக் காவியத்தில் வித்தியாதரர் உண்டு, மந்திரம் உண்டு; இயக்கன் அருள் உண்டு. ஆனால் மயிற்பொறிக்குத் திருத்தக்கதேவர் இவற்றில் எதையும் செலவிடவில்லை. ஒரு கைவினைஞன் வருகிறான். தேவதச்சன் மயனோ என்று ஐயுறத்தக்க திறமை, எனினும் மனிதன். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று அவன் எடுத்த பொருள்கள் வரிசையாக வருகின்றன. ஏழு நாளில் செய்து முடிக்கிறான். பிறகு அரசி விசயை அதை ஓட்டிப் பழகுகிறாள். பொறியை வலப்பக்கம் திருப்பினால் மேலே எழும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கிக் கால்குவித்து நிற்கும்.

பெண்ணொருத்தி, சூல்கொண்டவள், வீரத்திலோ மந்திரத்திலோ படி எதுவும் ஏறாதவள், கற்றுக்கொண்ட காரணத்தால் அதைச் செலுத்துகிறாள். கட்டியங்காரன் படை சூழ்ந்த நாளில் சச்சந்தன் அவளை அதில் ஏற்றி அனுப்புகிறான். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்து அவள் சோர, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். எந்திரம் ராஜ்யத்தைக் காப்பாற்றவில்லை; கிரகத்தின் அச்சையும் முறிக்கவில்லை. அது செய்ய வேண்டியதைச் செய்தது.

ஐம்பது ஆண்டு விதிநூல்களில் நான் தேடியது இந்த அளவுக்குச் சாதாரணமான ஒன்றைத்தான்: என்ன பொருளால் ஆனது, எத்தனை நாளாயிற்று, யார் செய்தது, யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதாத எந்திரம், அதற்குள் எத்தனை பல்சக்கரம் இருந்தாலும், செப்புத் தகடுதான்.